பாஸ்டர் சேர்த்துச் சொன்னது

நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரும்புக் கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற சபைக்கு மோகனராஜ்தான் பாஸ்டர். பதினொரு வருடமாக. இந்தப் பதினொரு வருடத்தில் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறார். அதில் ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்று கேட்டால் அவருக்கே சந்தேகம்தான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த நாலே நாலு சொல்லை ஒரு பெண் மனப்பாடமாக வைத்திருந்தாள். அந்த நாலு சொல்லும் அவருடைய பிரசங்கம்கூட இல்லை. இன்னொருவரின் பேச்சை மொழிபெயர்க்கும்போது அவராகச் சேர்த்துக்கொண்டது.

மோகனராஜ் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். அப்பா ராஜலிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மகன் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு பஸாரில் முஹைதீன் நானாவின் பாமசியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முஹைதீன் நானா அலவத்துகொடக்காரர், வியாபாரத்துக்காக நாவலப்பிட்டியிலேயே தங்கிவிட்டவர். அவர் கடையில் மோகனராஜ் எட்டு வருடம் இருந்தார். மோகனராஜ் இங்கிலீஷ் படித்தது எந்த டியூஷனிலும் இல்லை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தில்தான். ஆள் வராத நேரத்தில் ஒன்றுவிடாமல் வாசிப்பார். எந்த மருந்து எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. டொக்டரின் கிறுக்கல் விளங்காவிட்டால் ஊகிக்கக் கூடாது. டொக்டருக்குப் போனில் கோல் எடுத்துக் கேட்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால், வந்த ஆள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் சரி, என்ன ஏச்சு ஏசினாலும் சரி, மருந்து கொடுக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். எட்டு வருடத்தில் மோகனராஜ் அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகு, அது மாத்திரைக்கு மட்டும் உள்ள சட்டம் என்று எப்படித்தான் நினைத்தாரோ. அந்தக் கேள்விதான் இப்போது அவரைத் தின்கிறது.

போன பெப்ரவரியில் கொழும்பிலிருந்து டெரன்ஸ் என்கிற ஊழியக்காரர் ஒருவர் சபைக்கு வந்தார். தீர்க்கதரிசன வரம் உள்ளவர் என்று நோட்டீசில் போட்டிருந்தது. அந்த வரம் உண்மையா என்று மோகனராஜ் யாரிடமும் விசாரிக்கவில்லை. டெரன்ஸ் ஏற்கனவே போய்வந்த மூன்று ஊர்ப் பாஸ்டர்மாரின் நம்பர் போனில் இருந்தது. ஒருவருக்கும் கோல் எடுக்கவில்லை. கூட்டத்துக்கு முன் இரண்டு நாள் உபவாசம் இருந்தார், அதில் குறையில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் ஜெபித்தது, "ஆண்டவரே, இந்த மனுஷன் உம்மிடமிருந்து வருகிறாரா" என்று அல்ல. "ஆண்டவரே, சபைக்கு மானக்கேடு வராமல் பார்த்துக்கொள்ளும்" என்றுதான்.

டெரன்ஸ் இங்கிலீஷில் பேசினார். மோகனராஜ் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்று தமிழில் சொன்னார். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு டெரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, இங்கே ஒருவர் இருக்கிறார், பெண் என்று நினைக்கிறேன், இரத்தத்தில் ஏதோ ஒரு பிரச்சினை, கர்த்தர் அவரைத் தொடுகிறார் என்றார். மோகனராஜ் அதை அப்படியே சொன்னார். யாரும் எழும்பவில்லை. டெரன்ஸ் திரும்பவும் சொன்னார். யாரும் எழும்பவில்லை. மைக் மட்டும் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

மோகனராஜின் நெஞ்சுக்குள் அந்த நேரம் ஒன்று இடறியது. அதை அவர் மறுக்கவில்லை, அன்றைக்கும் மறுக்கவில்லை. இரத்தத்தில் பிரச்சினை என்றால் யாருக்குத்தான் இல்லை? பிரஷர், சீனி, இரத்தம் குறைவு என்று அந்த ஹோலில் இருந்த பெண்களில் பாதிப்பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது. பாமசிக்காரனுக்கு இதுகூடவா தெரியாது. இது ஆண்டவருடைய பேச்சா, மனுஷனுடைய பேச்சா, நில், கேள் என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் முன்னால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் விருந்தாளியின் முகம் சிவந்துகொண்டு வந்தது. மூன்றாவது வரிசையில் ஜெயராணி அக்கா உட்கார்ந்திருந்தார்.

ஜெயராணிக்கு ஐம்பத்தொரு வயது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஏழு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. மாசாமாசம் கிளினிக் கார்டைக் கொண்டுவந்து, "இதுல என்னா எழுதியிருக்கு பாஸ்டர்" என்று கேட்பார். மோகனராஜ்தான் வாசித்துச் சொல்வார்.

டெரன்ஸ் மூன்றாவது தடவையும் அதையே சொன்னார். மோகனராஜ் மைக்கை வாய்க்கு நெருக்கிப் பிடித்தார். "சீனி வருத்தத்தோட ஏழு வருஷமா கஷ்டப்படுற ஒரு தாய் இங்க இருக்கீங்க. மூணாவது வரிசையில இருக்கீங்க. ஆண்டவர் இன்னைக்கு உங்களைத் தொடுறார்." அப்படியே ஒரு மூச்சு எடுத்து, வேதத்தில் தேவன் பேசுவது போன்ற குரலில் சொன்னார்: "இனி உனக்கு மாத்திரை வேண்டாம்."

அவ்வளவுதான். ஜெயராணி வாய்விட்டு அழுதுகொண்டு எழும்பினார். சனம் முழுக்க அல்லேலூயா என்று கத்தியது. எப்படித் தெரியும், எத்தனை வருஷம் என்றுகூட எப்படித் தெரியும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ் தெரியாத டெரன்ஸ், தன்னுடைய வார்த்தைதான் பலித்தது என்று கையை உயர்த்திக்கொண்டு நின்றார். மோகனராஜுக்கும் உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பைப் பரிசுத்த ஆவி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தப்பு செய்து பிடிபடாமல் தப்பித்தாலும் உடம்பு அப்படித்தான் சிலிர்க்கும் என்பதை அவர் அன்றைக்கு யோசிக்கவில்லை.

நாற்பது பேர் இருந்த சபை இரண்டு மாதத்தில் தொண்ணூறானது. உட்கார வாடகைக்குக் கதிரை எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிறுதோறும் சாட்சி நேரத்தில் முதல் ஆளாக ஜெயராணி எழும்புவார். மாத்திரையை அன்றைக்கே ஆற்றில் வீசிவிட்டேன், கிளினிக்குக்கும் போவதில்லை, ஆண்டவர் என்னைப் பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டார் என்பார். வாரத்துக்கு வாரம் அவர் மெலிந்துகொண்டு வந்தார். ஜெயராணி இளமையாகிவிட்டதாகப் பெண்கள் கேலி செய்தார்கள். மோகனராஜ் மேடையில் இருந்து அந்தக் கழுத்தெலும்பைப் பார்ப்பார். மருந்தில்லாத சீனிக்காரர் மெலிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "ஆமென்" சொன்னார், தெரிந்துகொண்டுதான் அடுத்த சாட்சிக்காரரைக் கூப்பிட்டார்.

ஏப்ரலில் ஒரு நாள் பஸாரில் முஹைதீன் நானா கைகாட்டி நிறுத்தினார்.

"என்ன மோகன், ஒங்கட சபை ஜெயராணி ரெண்டு மாசமா வரல்லயே. கிளினிக்ல இல்லாத மருந்த நம்மகிட்டதானே எடுக்கிறவங்க. சொகமா இரிக்காங்களா?"

"சுகமாகிட்டு நானா. ஆண்டவர் சுகம் குடுத்துட்டாரு."

"அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்றார் முஹைதீன். பிறகு கொஞ்ச நேரம் மோகனராஜின் முகத்தையே பார்த்தார். "சீனி டெஸ்ட் ஒண்டு செஞ்சு பாத்தீங்களா?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு மோகனராஜ் நடையைக் கட்டினார். பஸ் ஒன்றும் வரவில்லை.

ஜூனில் மழை பிடித்தது. மழை வந்தால் மலையில் அட்டையும் வரும். ஜெயராணியின் கால் விரலிடுக்கில் ஒன்று கடித்துவிட்டது. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அட்டைக் கடி ஒரு பெரிய காரியமா? ஆனால் அந்தக் கடி ஆறவில்லை. அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. போனால் மாத்திரை தருவார்கள், மாத்திரை வாங்கினால் ஆண்டவரை அவிசுவாசித்ததாகிவிடும். மோகனராஜ் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவி, துணியால் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். ஒரு ஞாயிறு அவர் நொண்டி வருவதை மோகனராஜ் கண்டார். "என்னக்கா காலு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல பாஸ்டர், சத்துரு சோதிக்கிறான்" என்றார் ஜெயராணி. அந்தப் பதிலை மோகனராஜ் வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கும் அந்தப் பதில் வசதியாகத்தான் இருந்தது.

ஓகஸ்டில் காய்ச்சலில் சுருண்டு விழுந்தவரை மகள் நிலூஷாதான் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பினதே பெரிய காரியம் என்றார்கள்.

மோகனராஜ் பார்க்கப் போனார். கட்டிலில் ஒரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. ஜெயராணி அவரைக் கண்டதும் அழுதார், ஆனால் காலுக்காக அல்ல.

"என் விசுவாசம்தான் பத்தல பாஸ்டர். ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். மே மாசத்துல ஒரு நாளு தலை ரொம்ப சுத்துச்சுன்னு பயந்துபோயி, பக்கத்து வீட்டு பாப்பம்மாகிட்ட ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டேன். அதுனாலதான் இப்படி ஆயிருச்சு."

இதைக் கேட்டபோது மோகனராஜ் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். அதுதான் சொல்ல வேண்டிய நேரம். ஒரே ஒரு வாக்கியம், சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் தலையிலிருந்து பாரம் இறங்கியிருக்கும். "அப்படி நினைக்காதீங்கக்கா, ஜெபிப்போம்" என்றார். ஜெபிக்கும்போது கண்ணை மூடலாம், போர்வையைப் பார்க்க வேண்டியதில்லை. கோழை என்று இவரைவிட வேறு யாரைச் சொல்வது.

அன்றிலிருந்து பிரசங்கத்துக்கு எழும்பினால் சொந்தக் குரலே சந்தேகமாக இருந்தது. ஆவிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வேதம் சொல்வதை அவரே எத்தனை தடவை மற்றவர்களுக்குப் படிப்பித்திருக்கிறார். சோதிக்க வேண்டிய இடத்தில் நின்றவர் அவர். வாசலில் காவலுக்கு நிற்கிறவனே கதவைத் திறந்து விட்டால் உள்ளே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்.

ஒக்டோபரில் சபைச் செயலாளர் சண்முகநாதன் சந்தோசமாக ஓடிவந்தார். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், கூட்டம் என்றால் உயிர். டெரன்ஸ் நவம்பரில் திரும்ப வர ஒத்துக்கொண்டாராம்.

"ஜெயராணி அக்காவ கதிரையில வச்சு மேடைக்குத் தூக்கிட்டு வருவோம் பாஸ்டர். காலு போயும் சாட்சி போகல பாருங்க, அதுதான் பெரிய சாட்சி."

மோகனராஜ் அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் ஜெயராணிக்குக் கட்டு மாற்றும் நாள் என்று தெரிந்து கண்டிக்கு பஸ் ஏறினார்.

நிலூஷா வாசலில் நின்றாள். குண்டசாலையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள், இருபத்துநாலு வயது. அம்மாவை உள்ளே கூட்டிப்போயிருந்தார்கள். மோகனராஜ் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"பாஸ்டர், சண்முகநாதன் அங்கிள் கோல் எடுத்தாரு. அந்த டெரன்ஸ் திரும்ப வாறாராமே. அன்னைக்கு நான் ரெண்டாவது வரிசையில இருந்தேன். அவரு சீனின்னு சொல்லவே இல்ல. ஏழு வருஷம்னும் சொல்லல. மாத்திரையப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

மோகனராஜ் எட்டு மாதமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தது, இந்தப் பிள்ளைக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏம்மா நீ சொல்லல?" என்றார். கேட்ட மறுகணமே, இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று கூசிப்போனார்.

"நீங்க சேத்து சொன்னத, ஆண்டவர் ஒங்களுக்குத் தனியா சொல்லிக் குடுத்திருக்காருன்னு நெனச்சேன். நீங்க பாஸ்டர். நான் வெறும் இங்கிலீஷ் டீச்சர்தானே." அவள் அழவில்லை. வகுப்பில் பிள்ளையைக் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள். "சொல்லிக் குடுத்தாரா பாஸ்டர்?"

பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆம் என்று சொன்னால் அவள் நம்புவாள், அது அவருக்குத் தெரியும்.

"இல்லம்மா" என்றார். "எனக்கு ஒங்க அம்மாவோட கிளினிக் கார்டு ஞாபகம் வந்துச்சு."

நிலூஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மோகனராஜ் அவசர அவசரமாகச் சொன்னார், வருகிற ஞாயிறு சபை முழுக்கக் கேட்க மைக்கில் சொல்லிவிடுவதாக, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதாக.

"மைக்ல சொன்னா அதுக்கும் அல்லேலூயா சொல்லுவாங்க" என்றாள் அவள். "மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க."

அன்றைக்கே சண்முகநாதனுக்குக் கோல் எடுத்து, டெரன்ஸை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார். மனிதர் பதறிப்போய் ஏன் என்று கேட்டார். "அவர் பேச்சு எங்கேயிருந்து வருதுன்னு எனக்கு விளங்கல்ல. விளங்காதத நான் சனங்களுக்குக் குடுக்கக் கூடாது" என்றார் மோகனராஜ். பாமசிச் சட்டம் சபைக்கு வந்து சேர இவ்வளவு காலமும் ஒரு பெண்ணின் காலும் போக வேண்டியிருந்தது.

மறுநாள் பகல் லயத்துக்குப் போனார். ஜெயராணி வாசலுக்கு நேரே கதிரையில் உட்கார்ந்திருந்தார், ஊன்றுகோல் அலுமாரியில் சாய்ந்திருந்தது. "வாங்க பாஸ்டர், வாங்க" என்று முகம் மலர்ந்தார். "நிலூ, பாஸ்டருக்கு தேத்தண்ணி ஊத்து."

"தேத்தண்ணி வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு, மோகனராஜ் பக்கத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டெரன்ஸ் சொன்னது எது, தான் சேர்த்தது எது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். சீனி என்றது நான், ஏழு வருடம் என்றது நான், மூணாவது வரிசை என்றது நான், மாத்திரை வேண்டாம் என்றதும் நான். அவர் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை, மே மாதம் போட்ட அந்த ஒரு மாத்திரையால் ஒன்றும் நடக்கவில்லை, மற்ற மாத்திரைகளைப் போடாததால்தான் கால் போனது, அதற்குக் காரணம் நான் என்றார். மன்னிப்பு மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுகிற பெண் அவர், அதுவும் தெரியும்.

ஜெயராணி சேலைத் தலைப்பை இழுத்து மடியில் சரிசெய்தார். காலைப் பற்றித்தான் கேட்கப்போகிறார், ஏசட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று மோகனராஜ் காத்திருந்தார்.

"அப்ப அன்னைக்கு ஆண்டவரு என்னையக் கூப்பிடலியா பாஸ்டர்?" என்றார் ஜெயராணி.

மோகனராஜ் இதை எதிர்பார்க்கவில்லை.

"அத்தனை சனத்துல என்னைய மட்டும் தெரிஞ்சு கூப்பிட்டாருன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரு போனதுக்குப் பொறவு என்னைய யாரு அப்படி கூப்பிட்டா. கால எடுக்க மேசையில படுக்க வச்சப்பவும் அதத்தான் நெனச்சுக்கிட்டு கெடந்தேன். காலு போனாலும் அது இருக்குன்னு."

மோகனராஜின் நாக்கு நுனியில் பத்துப் பதில் வந்து நின்றது. ஆண்டவர் உங்களை எப்போதும் அறிவார், உங்கள் தலைமயிரையும் எண்ணியிருக்கிறார், இதையும் நன்மையாக மாற்றுவார். பதினொரு வருடப் பழக்கம், எல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். இதில் எது ஆண்டவருடையது, எது தன் வாயுடையது என்று அவருக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. தெரியாததால் ஒன்றையும் சொல்லாமல் அடக்கிக்கொண்டார். அவர் ஊழியத்தில் அதுதான் முதல் தடவை.

"இல்லக்கா" என்றார். "நான்தான் கூப்பிட்டேன்."

ஜெயராணி தலையாட்டினார். நிறைந்த கண்ணைத் துடைக்கவுமில்லை. அலுமாரித் தட்டில் இருந்த மருந்து உறையைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்தது.

"அத எடுங்க பாஸ்டர். என்னா எழுதியிருக்குன்னு வாசிங்க. நிலூ சொன்னா, ஆனா நீங்க ஒருக்கா வாசிங்க."

மோகனராஜ் உறையைக் கையில் எடுத்தார். எழுத்தின் மேல் விரலை வைத்து வாசித்தார்.

"காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு. சாப்பாட்டுக்குப் பொறவு. டொக்டர் சொல்லாம நிப்பாட்டக் கூடாது."

"வேற ஒண்ணும் எழுதலியா?"

"இல்லக்கா. அவ்வளவுதான் எழுதியிருக்கு."